தோள் கிண்ணம் உடைந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் தோள் பற்றியவை நிறைய. மலைப்பாதையில் வண்டி சறுக்கியவர், மிளகு பறிக்க ஏணி ஏறி விழுந்தவர், குளியலறையில் வழுக்கியவர் என்று காரணங்கள் வேறு வேறு. ஆனால் பெரும்பாலோரின் ஸ்கேன் அறிக்கையில் 'கிளினாய்டு' என்ற சொல் இருக்கிறது. தோள் மூட்டின் கிண்ணத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் அது. எலும்பு மூட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் பைக் சறுக்கி, என் கணவர் (வயது 42) வலது தோள் தரையில் மோத விழுந்தார். முதல் எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். வலி குறையாததால் நான்காம் நாள் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். 'கிளினாய்டு முறிவு, 3 மி.மீ. விலகல், ஐடிபெர்க் 2' என்று வந்தது. டாக்டர் ஸ்லிங் (கழுத்திலிருந்து கையைத் தாங்கும் துணிக்கட்டு) போதும் என்கிறார். சொந்தக்காரர்களோ மூட்டுக்குள் உடைந்தால் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்கிறார்கள். எதைக் கேட்பது?
– வாசகி, அஸ்தம்பட்டி

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஏன் என்று புரிந்துகொண்டால் சொந்தக்காரர்களுக்கும் பதில் சொல்லிவிடலாம்.

முதுகின் மேற்பக்கம் முக்கோணமாக இருப்பது தோள்பட்டை எலும்பு. அதன் வெளி ஓரத்தில் ஆழமில்லாத ஒரு சிறு கிண்ணம் உண்டு. கை எலும்பின் மேல்முனையான பந்து அதில்தான் சுழல்கிறது. தேக்கரண்டிக் குழியின்மேல் பெரிய நெல்லிக்காயை நிறுத்தியதுபோன்ற அமைப்பு இது. பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்துக்கு இல்லை. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் வீச முடிகிறது, அதனால்தான் உடம்பிலேயே அதிகம் நழுவும் பெரிய மூட்டும் இதுவாக இருக்கிறது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி லேப்ரம் என்னும் குருத்து வளையம் ஓடுகிறது. 'ஜவ்வு கிழிந்துவிட்டது' என்று பலரும் சொல்வது பெரும்பாலும் இந்த வளையத்தையோ, பந்தைச் சுற்றியுள்ள தசைநார்களையோதான்.

முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது இந்த முறிவில் சகஜம். நேராக நின்று நெஞ்சுக்கு எடுப்பதுபோல எடுத்தால் பந்தின் நிழல் கிண்ணத்தின்மேல் விழுந்து மறைத்துவிடும். தோள்பட்டை எலும்பு உடம்புக்கு நேராக இல்லை, சுமார் 30 முதல் 40 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ஆகவே உடம்பை அந்த அளவு திருப்பி நிறுத்தி ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், அக்குள் வழியாக ஒரு படம் என்று மூன்று கோணங்கள் வேண்டும். அடிபட்ட அன்று கையை விரிக்க முடியாதவருக்கு அக்குள் படம் எடுப்பது கஷ்டம். கிண்ணத்தில் சந்தேகம் வந்தால் சி.டி.தான் தீர்வு. அதிலும் பந்தை நீக்கிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் காட்டும் முப்பரிமாணப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

'ஐடிபெர்க்' என்பது கிண்ண முறிவுகளுக்கு 1984-இல் வெளியான வகைப்பாடு. பின்னர் காஸ் என்ற மருத்துவர் அதை விரிவாக்கினார். முதல் வகை விளிம்பு உடைவது. 2 முதல் 5 வரை கிண்ணத்தின் நடுவே கோடு விழுந்து கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ எலும்பின் உள் ஓரத்துக்கோ ஓடுவது. ஆறாவது, பல துண்டுகளாக நொறுங்குவது. உங்கள் கணவருடையது இரண்டாவது: கோடு கிண்ணத்தின் குறுக்கே ஓடிக் கீழ்ப்பக்கம் வெளியேறியிருக்கிறது. வகை எண் கூடினால் ஆபத்து கூடிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். முதல் வகையிலேயே ஆபரேஷன் தேவைப்படுவோர் உண்டு, ஐந்தாவது வகையிலும் ஸ்லிங்கோடு தேறியவர்கள் உண்டு.

முடிவு இரண்டு கேள்விகளில் இருக்கிறது. மூட்டின் வழுவழுப்பான பரப்பில் எவ்வளவு படி (மேடுபள்ளம்) விழுந்திருக்கிறது? பந்து கிண்ணத்தின் நடுவில் நிற்கிறதா? பெரும்பாலான நிபுணர்கள் படி அல்லது இடைவெளி 4–5 மி.மீ.க்கு மேல் போனால் அறுவையைப் பரிந்துரைப்பார்கள். வயது குறைவு, தலைக்குமேல் கை தூக்கி வேலை செய்பவர் என்றால் அதற்கும் குறைவான அளவிலேயே யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். 3 மி.மீ., பந்து நடுவில் நிற்கிறது என்றால் ஸ்லிங் நியாயமான முடிவு. பந்து கீழ்நோக்கி நழுவி அந்த உடைந்த துண்டோடு போய்விட்டிருந்தால் கதை வேறு, 3 மி.மீ. என்ற எண்ணைப் பார்த்து நிம்மதி அடையக்கூடாது. அறிக்கையில் அது எழுதப்படவில்லையென்றால் டாக்டரிடம் 'பந்து சென்டரில் இருக்கிறதா?' என்ற ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

காறை எலும்பும் சேர்ந்து உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் உடைந்தால் கை தொங்கும் கட்டமைப்பே ஆட்டம் கண்டுவிடும். அப்போது கணக்கு மாறலாம்.

ஸ்லிங் போட்டபின் முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று மறுபடி எக்ஸ்ரே அவசியம். எலும்புத் துண்டுகள் நகர்வது இந்த நாட்களில்தான். நகர்ந்தால் மூன்று வாரத்துக்குள் சரிசெய்வது எளிது. அதற்குமேல் போனால் புது எலும்பு வளர்ந்து இடைவெளியை அடைத்துவிடும், அதை வெட்டி எடுத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கும். 'வலி குறைந்துவிட்டது, அப்புறம் போகலாம்' என்று மூன்றாம் வாரத்தைத் தாண்டவிடாதீர்கள்.

இன்னொன்று. கிண்ணத்தின் நடுப்பகுதி உடைய நல்ல வேகம் வேண்டும். அந்த வேகம் தோளோடு நிற்பதில்லை. மூச்சு விடும்போது குத்தினாலோ, மூச்சு வாங்கினாலோ விலா எலும்பு உடைந்து நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். தலைவலி, வாந்தி இருந்தாலும் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தேன். தோள் இறங்கிவிட்டது. கூட வேலை செய்தவர் அக்குளில் காலை வைத்து இழுத்து ஏற்றிவிட்டார். வலி உடனே குறைந்தது. இப்போது ஸ்கேனில் முன் விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருப்பதாகவும், ஆபரேஷன் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். எனக்கு 29 வயது. மூட்டு ஏறிவிட்டதே, இன்னும் எதற்கு?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

ஏறியது பந்து. உடைந்தது கிண்ணத்தின் விளிம்பு. பந்து முன்பக்கமாகக் கழன்று போகும்போது விளிம்பின் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது, லேப்ரமும் அந்தத் துண்டோடு ஒட்டியிருக்கும். டாக்டர்கள் இதை 'போனி பாங்கார்ட்' என்பார்கள். இந்தக் காயத்தை 1923-இல் விவரித்து எழுதிய பிரிட்டிஷ் அறுவை மருத்துவரின் பெயர்தான் பாங்கார்ட். இதோடு பந்தின் பின்பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருக்கவும் வாய்ப்பு அதிகம்.

துண்டு எவ்வளவு பெரிது என்பதே முக்கியம். பெரியவர்களுக்குக் கிண்ணத்தின் கீழ்ப்பகுதி சுமார் 25 முதல் 28 மி.மீ. அகலம்தான் இருக்கும். அதில் 6 மி.மீ. போனாலே கால்வாசி போய்விட்டது. சி.டி. படத்தில் கிண்ணத்தின் கீழ்ப்பகுதிமேல் ஒரு வட்டம் வரைந்து, எவ்வளவு குறைகிறது என்று சதவீதமாகக் கணக்கிடுவார்கள். 20–25 சதவீதம் குறைந்துவிட்டால் பந்துக்கு முன்பக்கம் தடுப்பே இல்லை. ஏணியில் நின்று கையை மேலே நீட்டி வெளிப்பக்கம் திருப்பினால் மறுபடி இறங்கும். உங்கள் வேலையே அந்த நிலையில்தான். வயது முப்பதுக்குள் என்பதும் மறுபடி இறங்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆகவே உங்கள் டாக்டர் அவசரப்படுகிறார் என்று சொல்ல முடியாது.

துண்டு நல்ல அளவில் இருந்தால் 2.7 அல்லது 3.5 மி.மீ. ஸ்குரூ ஒன்றிரண்டு போட்டு அதே இடத்தில் பிடித்துவிடலாம். சின்னதாகவோ நொறுங்கியோ இருந்தால் சிறு துளைகள் வழியாகக் கேமரா நுழைத்து, நூல் கோத்த ஆங்கர்களால் (எலும்பில் பதிக்கும் சிறு முளைகள்) துண்டையும் லேப்ரத்தையும் சேர்த்துக் கட்டுவார்கள். திறந்து செய்யும் அறுவை என்றால் தோளின் முன்பக்கம் 8–10 செ.மீ. தையல் இருக்கும். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, பலமுறை இறங்கி, துண்டு கரைந்துபோனால் பிறகு ஒட்ட எதுவும் மிச்சமிருக்காது. அப்போது தோளின் முன்னால் கொக்கிபோல் இருக்கும் எலும்பின் ஒரு பகுதியை வெட்டிக் கிண்ணத்தின் முன்விளிம்பில் ஸ்குரூ போட்டுப் பதிக்க வேண்டிவரும். 'லட்டார்ஜே' என்று சொல்லப்படும் இது நல்ல அறுவைதான். ஆனால் முதலிலேயே செய்யக்கூடிய எளிய வேலையை விட்டுவிட்டு இதற்குப் போவானேன்?

எங்கே தவறுகிறது என்றும் சொல்லிவிடுகிறோம். ஸ்குரூ முனை மூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் பந்தைச் சுரண்டிவிடும். அதனால் அறுவை மேசையிலேயே சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பல கோணங்களில் பார்ப்பார்கள். ஸ்குரூ மிக நீளமாகிப் பின்பக்கம் வெளிவந்தால் அங்கே ஓடும் நரம்பைத் தொடலாம். தொற்று, இறுக்கம் இரண்டும் எந்தத் தோள் அறுவையிலும் உண்டு.

அக்குளில் கால் வைத்து இழுத்தது பற்றி ஒரு வார்த்தை. எலும்பு உடைந்திருக்கிறதா என்று தெரியாமல் இழுப்பதில், உடையாமல் இருந்ததை உடைக்கும் அபாயம் இருக்கிறது. அக்குளைச் சுற்றிப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்கலாம். கையின் வெளிப்பக்கம், தோளுக்குக் கீழே நான்கு விரல் அளவு இடத்தைத் தடவிப் பாருங்கள். மறு கையில் தெரிகிற அதே உணர்ச்சி அங்கே இல்லையென்றால் டாக்டரிடம் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிக் குறிப்பில் எழுதவையுங்கள். பெரும்பாலும் நரம்பு கன்றிப்போனதுதான், சில மாதங்களில் திரும்பிவிடும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று தெரியவில்லையென்றால் சிகிச்சையே குழம்பிவிடும்.

எஸ்டேட்டில் கூட வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். தோள் இறங்கினால் கை எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் விடவேண்டும். கைக்கும் விலாவுக்கும் இடையே மடித்த துண்டையோ சிறு தலையணையையோ வைத்து, இன்னொரு துண்டால் உடம்போடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தை உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கியபின் அறுத்துத்தான் எடுக்க முடியும். நாடி பார்த்து, விரல்கள் அசைகின்றனவா, சூடாக இருக்கின்றனவா என்று பாருங்கள். விரல் வெளுத்துச் சில்லிட்டுப் போனால் 108-ஐ அழைக்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஏற்ற வேண்டியிருக்கலாம் என்பதால் வழியில் டீயும் பன்னும் வாங்கித் தராதீர்கள். நல்லெண்ணத்தில் கொடுத்த அந்த ஒரு பன்னுக்காக ஆறு மணி நேரம் காத்திருக்க வைத்துவிடுவார்கள்.

அப்பாவுக்கு 67 வயது, சர்க்கரை நோயாளி. குளியலறையில் விழுந்து தோள் இறங்கி, ஆஸ்பத்திரியில் ஏற்றிவிட்டார்கள். விளிம்பில் சிறு முறிவு, ஆபரேஷன் வேண்டாம் என்றார்கள். மூன்று வாரம் ஆகிறது. மறு கையால் பிடித்துத் தூக்கினால் கை மேலே போகிறது, தானாகத் தூக்க முடியவில்லை. முறிவு சேரவில்லையா?
– வாசகர், குகை, சேலம்

நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் விடை இருக்கிறது. பிறர் தூக்கினால் போகிறது, தானாகப் போகவில்லை என்றால் முறிவைவிடத் தசைநார் கிழிந்திருப்பதையோ நரம்பு அடிபட்டிருப்பதையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாற்பது வயதுக்குமேல் தோள் இறங்கினால் பந்தைச் சுற்றியுள்ள 'ரொட்டேட்டர் கஃப்' தசைநார் கிழிவது சாதாரணம், அறுபதுக்குமேல் இன்னும் அதிகம். இளைஞருக்கு விளிம்பு உடைகிற இடத்தில் முதியவருக்குத் தசைநார் கிழிகிறது. சில சமயம் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துக் கிழிசல் எவ்வளவு என்று பாருங்கள். பெரிய கிழிசலை முதல் சில வாரங்களுக்குள் தைத்தால்தான் நன்றாகச் சேரும். நாளாக ஆக நார் உள்ளே இழுத்துக்கொள்ளும், தசை கொழுப்பாக மாறும். நரம்புச் சந்தேகம் இருந்தால் மூன்று, நான்கு வாரம் கழித்து எடுக்கும் இ.எம்.ஜி. (நரம்பும் தசையும் வேலை செய்வதைப் பார்க்கும்) பரிசோதனை விவரம் சொல்லும். அதற்கு இதுவே சரியான நேரம்.

சர்க்கரை இருப்பவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையையும் செய்து சர்க்கரை டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷன் முடிவானால் மயக்க மருந்து டாக்டர் கேட்கும் முதல் எண் அதுவாகவும் இருக்கலாம். வலி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்கித் தொடராதீர்கள். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு டைக்ளோஃபினாக் போன்றவை நல்லதல்ல.

தோள்பட்டையின் பின்பக்கம் வெட்டிப் பிளேட் போட்டிருக்கிறார்கள். பத்தாம் நாள். ஒருவர் 'ஆறு வாரம் அசைக்காதே' என்கிறார், இன்னொருவர் 'இப்போதே அசைக்காவிட்டால் இறுகிவிடும்' என்கிறார். எதை, எப்போது, எவ்வளவு?
– வாசகர், ஆத்தூர்

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை. ஆறு வாரம்வரை உங்கள் சொந்தத் தசையால் கையைத் தூக்கக்கூடாது. ஆனால் பிறர் பிடித்தும் மறு கை உதவியோடும் அசைப்பதை இப்போதே தொடங்கவேண்டும். உங்கள் சர்ஜன் எழுதித்தந்த அட்டவணை இருந்தால் அதுவே முதலில். எலும்பு எவ்வளவு உறுதியாகப் பிடித்திருக்கிறது என்று உள்ளே பார்த்தவர் அவர்தான். பொதுவாகப் பின்பற்றுவது இதுதான்.

முதல் நாளிலிருந்தே: விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, ஸ்லிங்கைக் கழற்றி முழங்கையை முழுதும் நீட்டி மடக்குவது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து முறை. இதைச் செய்யாதவர்களுக்குத் தோள் தேறியபின் முழங்கை நீளாது. பார்க்கவே பாவமாக இருக்கும், முழுக்கத் தவிர்க்கக்கூடியது வேறு.

இப்போது, அதாவது பத்தாம் நாளில்: ஊசல் பயிற்சி. சாப்பாட்டு மேசை விளிம்பை நல்ல கையால் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து முன்னே குனியுங்கள். அடிபட்ட கை தளர்வாகத் தொங்கட்டும். கையை ஆட்டாதீர்கள், இடுப்பை முன்னும் பின்னும் அசையுங்கள், கை தானாக ஊசலாடும். பிறகு பக்கவாட்டில், பிறகு சின்ன வட்டம். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. பலரும் செய்யும் தவறு, கையையே தசையால் சுழற்றுவது. தோள்பட்டையின் மேல்தசை இறுகினால் நீங்கள் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இரண்டாம் வாரத்துக்குமேல், தையல் பிரித்தபின்: மல்லாந்து படுத்து, அடிபட்ட கையின் மணிக்கட்டை நல்ல கையால் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். முதல் நான்கு வாரத்தில் 90 டிகிரிவரை, அதாவது கை கூரையைப் பார்க்கும்வரை போதும். ஒரு தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று தடவை. குடை அல்லது துடைப்பக்கட்டையை இரு கையிலும் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, நல்ல கையால் மறு கையை வெளிப்பக்கம் தள்ளுவது இன்னொரு பயிற்சி. பின்பக்க அறுவையில் வெளிப்பக்கம் திருப்பும் தசைகளை விலக்கி வழி எடுத்திருப்பார்கள். ஆகவே தள்ளுவது நல்ல கையாக இருக்கட்டும், அடிபட்ட கை சும்மா வரட்டும். கையை மார்புக்குக் குறுக்காக இழுப்பதும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதும் ஆறு வாரம் வேண்டாம். இதே வரிசையை முன்பக்க அறுவை ஆனவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்களுக்கு வெளிப்பக்கம் 30 டிகிரிக்குமேல் திருப்புவதும், வயிற்றை நோக்கி உள்ளங்கையால் அழுத்துவதும்தான் தடை.

ஆறாம் வாரம் எக்ஸ்ரே. எலும்பு சேரும் அறிகுறி தெரிந்தால் ஸ்லிங்கை விட்டுவிட்டுச் சொந்தத் தசையால் தூக்கலாம். சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது நல்லது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு நாளுக்கு நாள் பாருங்கள். தோளைக் காதுவரை தூக்கி ஏமாற்றாமல் ஏறவேண்டும், கண்ணாடி முன் நின்றால் தெரிந்துவிடும். பத்து, பன்னிரண்டு வாரத்துக்குமேல் ரப்பர் பேண்ட், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கனமான மூட்டை தூக்குவது, தலைக்குமேல் பாரம் வைப்பது எல்லாம் நான்கு முதல் ஆறு மாதம் கழித்து.

பயிற்சி முடிந்து வலி அரைமணி, ஒரு மணி நேரத்தில் அடங்கினால் சரி. ராத்திரி முழுக்க வலித்தால் மறுநாள் அளவைப் பாதியாக்குங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். பயிற்சிக்குப்பின் துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம். தையலிலிருந்து நீர் வடிந்தால், சிவந்து சூடானால், காய்ச்சல் வந்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

தூங்குவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் தவிப்பது அதில்தான். முதல் மூன்று வாரம் முதுகுப்பக்கம் இரண்டு தலையணை அடுக்கிப் பாதி சாய்ந்து படுங்கள். முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த போர்வை. அது இல்லாவிட்டால் முழங்கை பின்னால் விழுந்து தோள் முன்னே தள்ளப்பட்டு வலி எடுக்கும். ஸ்லிங்கில் மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும், கை துணிக்கு வெளியே தொங்கக்கூடாது. சேலத்து வெயிலில் அக்குள் வெந்துபோகும். முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வையுங்கள். சட்டை போடும்போது அடிபட்ட கை முதலில், கழற்றும்போது கடைசியில். பெண்களுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டியே முதல் மாதம் வசதி.

எலும்புக் கட்டு போடுபவரிடம் போகலாமா? முட்டையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டினால் சேர்ந்துவிடும் என்கிறார்கள்.
– வாசகர், ஓமலூர்

இந்த முறிவுக்கு வேண்டாம். கிண்ணம் தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தடவினாலும் அங்குள்ள துண்டை நகர்த்தி இடத்தில் வைக்க முடியாது. சும்மா விட்டாலே சேரும் முறிவுதான் பெரும்பாலும், சேர்ந்த பெயர் கட்டுக்குப் போய்விடுகிறது. ஆறு வாரம் அசைக்காமல் இறுகக் கட்டிவிட்டால் தோள் உறைந்துபோகும். இறுக்கமான கட்டில் விரல் மரத்துப்போனால் அது இன்னும் மோசம்.

வெல்டிங் பட்டறையில் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டேன். எக்ஸ்ரே நார்மல். ஆனால் உள்ளங்கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியவில்லை, கை வயிற்றோடு ஒட்டியே இருக்கிறது. இரண்டு வாரம் ஆகிறது.
– வாசகர், மேட்டூர்

இந்த வாரத்துக்குள் சி.டி. எடுங்கள். மின்சாரம் தாக்கும்போதும் வலிப்பு வரும்போதும் தோளைச் சுற்றியுள்ள எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் சுருங்கும். உள்ளே திருப்பும் தசைகள் பலமானவை என்பதால் பந்து பின்பக்கமாக நழுவிவிடும், பின்விளிம்பும் உடையலாம். முன்பக்க எக்ஸ்ரேயில் இது கிட்டத்தட்ட நார்மலாகவே தெரியும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் 'சுளுக்கு' என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. கை வெளிப்பக்கம் திரும்பவே இல்லை என்பது இதன் தெளிவான அடையாளம்.

மூன்று வாரத்துக்குள் என்றால் மயக்க மருந்தில் மூடியபடியே சரிசெய்ய வாய்ப்பிருக்கிறது. நாளானால் பந்தில் பள்ளம் ஆழமாகி விளிம்பில் மாட்டிக்கொள்ளும், திறந்துதான் எடுக்க வேண்டும். அதுவரை யாரையும் கையைத் திருப்பிவிடச் சொல்லாதீர்கள். ஷாக் அடித்தபோது இ.சி.ஜி. எடுத்தார்களா? எடுக்காவிட்டால் அதையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஸ்குரூ போட்டு இரண்டு மாதம் ஆகிறது. எப்போது வேலைக்குப் போகலாம்? ஸ்குரூவை எடுக்க வேண்டுமா?
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

முழங்கையை விலாவோடு வைத்து, மேசை உயரத்தில் விரல்களால் செய்யும் வேலைக்கு இப்போதே போகலாம். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து தோளை அசையுங்கள். சுத்தியல் வேலை, கம்பி இழுக்கும் வேலை மூன்று, நான்கு மாதம் கழித்து. டூ வீலர் மூன்று மாதத்துக்குமுன் வேண்டாம், திடீர் பிரேக்கில் ஹேண்டில்பார் வழியாக வரும் அதிர்வு தோளில்தான் இறங்கும். ஸ்குரூ தொந்தரவு தராவிட்டால் எடுக்கத் தேவையில்லை. டைட்டானியம் என்றால் எம்.ஆர்.ஐ.க்கும் தடையில்லை, ஆனால் என்ன உலோகம் என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியை எங்காவது தொலைத்துவிடாதீர்கள்.

செலவுக்கு அரசுத் திட்டம் ஏதும் உண்டா?
– வாசகி, எடப்பாடி

உண்டு. சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பதிவுபெற்ற மருத்துவமனைகளில் பணம் கேட்கமாட்டார்கள். எந்த ஊர்க்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதற்குப் பிறகான அறுவைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம்வரை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவும் உண்டு. எங்கே போனாலும் விபத்துப் பதிவேட்டின் நகல், சி.டி. படம் அடங்கிய டிஸ்க், அறிக்கை மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். வாட்ஸ்அப்பில் எடுத்த எக்ஸ்ரே போட்டோவில் 2 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் வித்தியாசம் தெரியாது.

ஆட்டுக்கால் சூப் தினமும் குடித்தால் எலும்பு சீக்கிரம் சேருமா?
– வாசகர், அம்மாபேட்டை

ருசிக்காகக் குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை. அதில் கால்சியம் குறைவு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு வேண்டிய 1,000 மி.கி.யை ராகிக் களி, இரண்டு டம்ளர் பால், கீரை, எள் கொண்டே நெருங்கிவிடலாம். முட்டை, பருப்பு, மீன் என்று புரதமும் சேருங்கள். வைட்டமின் டி குறைவாக இருந்தால் டாக்டர் மாத்திரை எழுதுவார். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் எலும்பு சேரும்வரையாவது விடுங்கள். சூப்பு குடித்துவிட்டு வாசலில் நின்று பீடி பிடிப்பவருக்கு முறிவு சேரத் தாமதமாவது பீடியால்தான்.